நிறுத்திவிட்டு வா என்பதா, வந்து பேசி நிறுத்து என்பதா: ஈரான் அணுப் பேச்சுவார்த்தைகளில் முன்நிபந்தனையின் இடம்

அணுத் திட்டம் ஒன்றைக் கட்டுப்படுத்த விரும்பும் அரசுகள், அத்திட்டத்தை நடத்தும் நாட்டோடு பேசுவது என்று முடிவெடுத்த பிறகு தீர்க்க வேண்டிய முதல் சிக்கல், எந்த நிலையில் பேச்சைத் தொடங்குவது என்பதாகும். பணிகளை முழுமையாக நிறுத்திய பிறகே மேசையில் அமர்வோம் என்று சொல்லலாம். எந்த நிபந்தனையும் இன்றி உடனே சந்திக்கலாம். இரு தரப்பும் சிறிதளவு விட்டுக்கொடுத்து, இருக்கும் நிலையை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு, அதனால் கிடைக்கும் அவகாசத்தில் முழு ஒப்பந்தத்தைப் பேசலாம். இந்த மூன்று வழிகளும், ஏறத்தாழ அதே ஆலைகளை முன்வைத்து, பெரும்பாலும் அதே அரசுகளால், பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக முயன்று பார்க்கப்பட்ட இடம் ஈரான். ஆகவே எது எவ்வளவு பயன் தந்தது என்பதை ஊகத்தால் அன்றி, நடந்ததைக் கொண்டே ஒப்பிட முடிகிறது.

என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிபந்தனை வைப்பதில் தவறில்லை. பேச்சுவார்த்தையின் முடிவில் கிடைக்க வேண்டிய ஒன்றை அதன் நுழைவுக் கட்டணமாகக் கேட்கும்போதுதான் அது தோற்கிறது. அதே கோரிக்கையைச் சுருக்கி, ஈடு கொடுத்து, பேச்சின் முதல் விளைவாகப் பெறும்போது அது வேலை செய்கிறது. ஆனால் முன்நிபந்தனை கேட்டவர்களின் அச்சம் வெறும் பிடிவாதத்தில் பிறந்ததன்று. அதற்கு வலுவான காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைப் புரிந்துகொள்ளாமல் மற்ற வழிகளைப் பாராட்டுவது நேர்மையாகாது.

முன்நிபந்தனைக்கான வாதம்

நத்தான்ஸ் நகருக்கு அருகே, யுரேனியத்தில் பிளவுறும் வகை அணுக்களின் விகிதத்தைக் கூட்டும் செறிவூட்டல் ஆலையும், ஆயுதத்துக்கு உதவும் புளூட்டோனியத்துக்கு வழிவிடக்கூடிய கனநீர் ஆலை அராக்கிலும் உருவாகி வருவது 2002 ஆகஸ்டில் ஈரானிய எதிர்க்கட்சிக் குழு ஒன்றால் வெளியே சொல்லப்பட்டது. அடுத்த ஆண்டு சர்வதேச அணுசக்தி முகமை நடத்திய விசாரணையில், அறிவிக்கப்படாத பல பணிகள் நீண்ட காலமாக நடந்து வந்தது உறுதியானது. செறிவூட்டலின் தன்மையே இங்கு சிக்கலின் வேர். மின் உலைக்கு வேண்டிய 3.5 சதவீத யுரேனியத்தைத் தரும் அதே மையவிலக்கு இயந்திரங்கள், இணைப்பு முறையை மாற்றி மேலும் சுழல விட்டால், ஆயுதத்துக்கு வேண்டிய 90 சதவீதத்தையும் தரும். உழைப்பின் பெரும்பகுதி தொடக்கத்திலேயே செலவாகிவிடுவதால், 20 சதவீதத்தை எட்டிய நாடு தொலைவில் பெரும்பகுதியைக் கடந்துவிட்டது என்றே பொருள். ஆக, பேச்சு நடக்கும் ஒவ்வொரு மாதமும் இயந்திரங்கள் சுழன்றுகொண்டிருந்தால், பேசுகிறவருக்கு நாள் செல்லச் செல்ல பலம் குறைகிறது, சுழற்றுகிறவருக்குக் கூடுகிறது.

இந்த அச்சத்துக்கு ஈரான் தரப்பிலிருந்தே சான்று கிடைத்தது. 2003 முதல் 2005 வரை தலைமைப் பேச்சாளராக இருந்த ஹசன் ரூஹானி, தம் நாட்டு உயர்மட்டக் குழு ஒன்றின் முன் ஆற்றிய உரை பின்னர் அச்சில் வந்தது. ஐரோப்பியர்களோடு பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே இஸ்ஃபஹான் யுரேனிய மாற்று ஆலையில் கருவிகளைப் பொருத்தும் வேலையை முடித்துக்கொண்டதாக அதில் அவர் விளக்கியிருந்தார். உள்நாட்டு விமர்சகர்களைச் சமாதானப்படுத்தச் சொன்னதாக இருக்கலாம். ஆனால் வாஷிங்டனிலும் லண்டனிலும் அதைப் படித்தவர்களுக்கு, பேச்சு என்பது காலம் கடத்தும் உத்தி என்ற எண்ணம் உறுதிப்பட அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

முதல் நிறுத்தமும் அதன் கசப்பும்

முன்நிபந்தனை ஒருபோதும் ஏற்கப்படவில்லை என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியன்று. 2003 அக்டோபர் 21 அன்று பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் ஜாக் ஸ்ட்ரா, தொமினிக் தெ வில்பான், யோஷ்கா பிஷர் மூவரும் தெஹ்ரான் சென்றார்கள். செறிவூட்டலைத் தற்காலிகமாக நிறுத்தவும், கூடுதல் சோதனைகளுக்கு வழிவிடும் கூடுதல் நெறிமுறையில் கையெழுத்திடவும் ஈரான் அன்று ஒப்புக்கொண்டது. அந்தக் கையெழுத்து அதே டிசம்பரில் இடப்பட்டது. எது நிறுத்தம் என்பதில் சச்சரவு எழுந்ததால், 2004 நவம்பரில் பாரிஸ் உடன்பாடு வந்தது. நிறுத்தம் தன்னார்வமானது, சட்டக் கடமை அன்று, நம்பிக்கை வளர்க்கும் நடவடிக்கை மட்டுமே என்று அதில் எழுதப்பட்டது.

மை காயும் முன்பே அந்த உடன்பாட்டில் ஒரு முடிச்சு விழுந்தது. ஆராய்ச்சிக்காக 20 மையவிலக்குகளை மட்டும் நிறுத்தத்திலிருந்து விலக்க வேண்டும் என்று ஈரான் கேட்டது. இருபது இயந்திரங்களால் ஆயுதம் எதுவும் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஐரோப்பியர்களுக்கு முழு நிறுத்தம் என்பதில் ஒரு ஓட்டையும் இருக்கக்கூடாது; ஈரானியர்களுக்கோ தங்கள் உரிமையின் அடையாளமாக ஏதேனும் ஒன்று அசைந்துகொண்டிருக்க வேண்டும். வியன்னாவில் முகமையின் ஆளுநர் குழு கூடியிருந்த நாட்களில் இழுபறி நீடித்து, கடைசியில் அந்த இருபதும் இயக்கப்படாமல் கண்காணிப்பு கேமராக்களின் கீழ் வைக்கப்படும் என்று தீர்ந்தது. முன்நிபந்தனை எவ்வளவு சிறிய பொருளையும் எப்படிக் கௌரவப் பிரச்சினையாக மாற்றிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான காட்சி எனக்குத் தெரியவில்லை.

நிறுத்தம் நடைமுறையில் இருந்தது, பேச்சும் நடந்தது. பிறகு ஏன் தோற்றது? ஈரான் நிறுத்தி வைத்திருக்கும்வரை ஐரோப்பாவுக்கு அவசரம் எதுவும் இல்லை. தாங்கள் விரும்பியது கையில் இருக்கும்போது, அதற்கு விலை கொடுக்க யார் முந்துவார்கள்? 2005 மார்ச்சில் ஈரான் ஒரு திட்டத்தை முன்வைத்தது. கடுமையான கண்காணிப்போடு, படிப்படியாக, நத்தான்ஸில் சுமார் 3,000 மையவிலக்குகளை நிறுவும் கட்டம் அதில் இருந்தது. ஈரான் மண்ணில் ஒரு மையவிலக்கும் சுழலக்கூடாது என்பது வாஷிங்டனின் நிலை. அமெரிக்கா அறையில் இல்லாவிட்டாலும் அதன் சொல்லை மீறி ஐரோப்பியர்களால் எதையும் தர முடியவில்லை. அவர்களுடைய பதில் ஆகஸ்டில் வந்தபோது, செறிவூட்டல் உள்ளிட்ட எரிபொருள் சுழற்சியைக் கைவிடும் உறுதியை அது ஈரானிடம் கேட்டது. ஈரான் அதை நிராகரித்து இஸ்ஃபஹானில் யுரேனிய மாற்றுப் பணியை மீண்டும் தொடங்கியது. இதை மஹ்மூத் அகமதிநெஜாத் அதிபரானதன் விளைவு என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் பணியைத் தொடங்கப்போவதாக முகமைக்குக் கடிதம் போனது ஆகஸ்ட் 1 அன்று. அவர் பதவிக்கு வந்தது அதற்குப் பிறகு. முடிவெடுத்தது முந்தைய அரசும் உச்சத் தலைவர் அலி கமேனியும்தான். நிறுத்தினால் பதிலுக்கு எதுவும் வராது என்ற பாடத்தை ஈரானின் எல்லா அணிகளும் சேர்ந்தே கற்றன. அடுத்த எட்டு ஆண்டுகள் அந்தப் பாடத்தின் நிழலில் கழிந்தன.

நிபந்தனை தீர்மானமானபோது

2006 ஏப்ரலில் 164 மையவிலக்குகள் கொண்ட ஒரே தொடரைக் கொண்டு 3.5 சதவீதச் செறிவை எட்டியதாக ஈரான் அறிவித்தது. மே 31 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கொண்டலீசா ரைஸ், ஈரான் செறிவூட்டலை முழுமையாகவும் சரிபார்க்கத் தக்க வகையிலும் நிறுத்தினால் அமெரிக்காவும் பேச்சில் சேரும் என்றார். ஈரானோடு பேசவே மாட்டோம் என்ற பழைய நிலையிலிருந்து பார்த்தால் இது பெரிய நகர்வுதான். அடுத்த மாதமே ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவுத் தலைவர் ஹவியர் சொலானா, அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய ஆறு நாடுகளின் சலுகைத் திட்டத்தை எடுத்துக்கொண்டு தெஹ்ரான் சென்றார். ஜூலை 31 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 1696 ஆம் தீர்மானத்தில் நிறுத்தத்தைக் கட்டாயமாக்கியது. டிசம்பரில் 1737, 2007 மார்ச்சில் 1747, 2008 மார்ச்சில் 1803, 2010 ஜூனில் 1929 என்று தடைகள் அடுக்கடுக்காக வந்தன.

நிபந்தனை தீர்மானமாக எழுதப்பட்டதும் அதன் இயல்பே மாறிவிட்டது. அதுவரை பேச்சாளர்களின் கையில் இருந்த ஒரு கருவி, பாதுகாப்பு அவையின் ஆணை ஆயிற்று. அதைத் தளர்த்த நினைப்பவர் ஐ.நா.வின் அதிகாரத்தையே விட்டுக்கொடுப்பவராகத் தெரிந்தார். எதிர்ப்பக்கம் ஈரானும் தனக்கான முன்நிபந்தனைகளைக் கட்டிக்கொண்டது. 2011 ஜனவரியில் இஸ்தான்புல்லில் ஈரானின் தலைமைப் பேச்சாளர் சயீத் ஜலீலி, செறிவூட்டும் உரிமையை ஏற்று, தடைகளை விலக்கினால்தான் மேற்கொண்டு பேச்சு என்று நின்றார். ஐரோப்பிய ஒன்றியத்தின் கேத்தரின் ஆஷ்டன் வெறுங்கையோடு திரும்பினார். கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள், விலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இரு தரப்பும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

இடையில் ஒரு நல்ல முயற்சி இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். 2008 இல் சொலானா முன்வைத்த யோசனையின்படி, ஆறு வாரங்களுக்கு ஈரான் புதிய மையவிலக்குகளைச் சேர்க்காது. பதிலுக்கு ஆறு நாடுகளும் புதிய தடைகளுக்கு முயலா. முழு நிறுத்தம் முறையான பேச்சு தொடங்கும்போது மட்டுமே. ஜூலையில் ஜெனீவாவில் நடந்த சந்திப்பில், வாஷிங்டன் தன் நிபந்தனையைச் சற்றே ஒதுக்கி வைத்து, தன் வெளியுறவுத் துறையின் மூத்த அதிகாரி வில்லியம் பர்ன்ஸை மேசையில் அமர வைத்தது. ஜலீலி தெளிவான பதில் தரவில்லை. சரியான வடிவில் ஒரு யோசனை இருந்தாலும், எதிர்த்தரப்பின் தலைமை முடிவெடுக்கத் தயாராக இல்லாதபோது அது நிற்காது என்பதை இந்தச் சந்திப்பு காட்டியது. நான் ஆதரிக்கும் வழிக்கும் இது பொருந்தும்.

இந்தக் கட்டத்தின் கணக்கு எண்களில் இருக்கிறது. 2006 இல் 164 ஆக இருந்த மையவிலக்குகள் 2007 இறுதியில் சுமார் 3,000 ஆகவும், 2013 இல் சுமார் 19,000 ஆகவும் பெருகின. மலைக்குள் குடையப்பட்ட ஃபோர்டோ ஆலை 2009 செப்டம்பரில் உலகுக்குத் தெரியவந்தது. 2010 பிப்ரவரி முதல் 20 சதவீதச் செறிவூட்டலும் தொடங்கியிருந்தது. ஈரானே 2005 இல் வரம்பாக முன்வைத்த எண்ணை ஏற்க மறுத்தவர்கள், எட்டு ஆண்டுகள் கழித்து அதைப்போல் ஆறு மடங்கைக் கண்முன் கண்டார்கள். தடைகள் பயனற்றவை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. 2012 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய எண்ணெய்த் தடையும், வங்கித் தடைகளும் ஈரானின் பொருளாதாரத்தை உண்மையாகவே நெரித்தன. பின்னால் பேரம் பேச மேற்கு நாடுகளின் கையில் விலையாக இருந்தவை அவைதான். ஆனால் முழு நிறுத்தம் என்ற முன்நிபந்தனை நீடித்தவரை அந்த விலையைக் கொடுத்து வாங்க வழியே இருக்கவில்லை.

நிபந்தனையின்றிச் சந்தித்தல்

இதற்கு நேர் எதிரான வழி, எதையும் கேட்காமல் சந்திப்பது. பராக் ஒபாமா 2009 இல் பதவியேற்றதும் பாரசீகப் புத்தாண்டான நவ்ரூஸ் வாழ்த்தோடு தொடங்கி இதை முயன்றார். அக்டோபர் 1 அன்று ஜெனீவாவில் பர்ன்ஸும் ஜலீலியும் தனியே பேசினார்கள். ஈரான் தன்னிடம் இருந்த குறைச்செறிவு யுரேனியத்தில் சுமார் 1,200 கிலோவை வெளிநாட்டுக்கு அனுப்ப, அது ரஷ்யாவிலும் பிரான்ஸிலும் தெஹ்ரான் ஆராய்ச்சி உலைக்கான எரிபொருளாக மாற்றித் தரப்படும் என்பது கொள்கை அளவில் ஏற்கப்பட்டது. சில வாரங்களில் அது ஈரானுக்குள்ளேயே சிதைந்தது. அகமதிநெஜாத்தின் போட்டியாளர்கள் எல்லாப் பக்கமிருந்தும் எதிர்த்தார்கள். 2010 மே மாதம் பிரேசிலும் துருக்கியும் அதே 1,200 கிலோவுக்குத் தெஹ்ரானிடம் ஒப்புதல் வாங்கி வந்தபோது, ஈரானின் இருப்பு கணிசமாகப் பெருகியிருந்ததாலும் 20 சதவீதப் பணி தொடர்ந்ததாலும் வாஷிங்டன் ஏற்கவில்லை. அடுத்த மாதமே 1929 ஆம் தீர்மானம் நிறைவேறியது.

ஆக, நிபந்தனையற்ற சந்திப்பு கதவைத் திறக்கும். ஆனால் உள்ளே நுழைந்த பின் எதையும் பிடித்து வைக்காது. பேச்சு நடக்கும் காலத்தில் களத்தில் என்ன நடக்கலாம், என்ன நடக்கக்கூடாது என்ற வரம்பு இல்லாததால், மேசையில் இருக்கும் யோசனை கையெழுத்தாகும் முன்பே பழையதாகிவிடுகிறது.

நிபந்தனை இல்லை என்ற சொல் வெறும் சொல்லாகவே நின்ற காலமும் உண்டு. 2018 மே 8 அன்று டொனால்டு டிரம்ப், செறிவூட்டலுக்கு வரம்பிட்ட 2015 வியன்னா ஒப்பந்தத்திலிருந்து (அதைக் கீழே காண்போம்) விலகினார். அம்மாதம் 21 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மைக் பாம்பியோ, செறிவூட்டலைக் கைவிடுவது உட்பட 12 கோரிக்கைகளை அறிவித்தார். அடுத்த ஆண்டு ஜூனில் அவரே, முன்நிபந்தனை எதுவும் இன்றிப் பேசத் தயார் என்றார். தடைகளை விலக்கினால்தான் பேச்சு என்றது தெஹ்ரான். ஜப்பானியப் பிரதமர் ஷின்சோ அபே தூது சென்று 2019 ஜூன் 13 அன்று கமேனியைச் சந்தித்தபோது, டிரம்ப்போடு பரிமாறிக்கொள்ளச் செய்தி எதுவும் தம்மிடம் இல்லை என்று கமேனி கூறிவிட்டார். அதே நாளில் ஓமன் வளைகுடாவில் இரு கப்பல்கள் தாக்கப்பட்டன. அவற்றில் ஒன்று ஜப்பானிய நிறுவனத்துடையது. முழுத் தடையின் அழுத்தத்தில் இருக்கும் நாட்டிடம் நிபந்தனையின்றிப் பேசலாம் என்று சொல்வது, அந்நாட்டின் பார்வையில், தடையே நிபந்தனையாக நிற்கும்போது பேசலாம் என்பதுதான். இந்தத் தடைகள் நம்மூர் வரை வந்தன: 2019 மே மாதத்துக்குப் பின் இந்தியா ஈரானிய எண்ணெய் வாங்குவதை நிறுத்திக்கொண்டது. ஈரானிய அரசு எண்ணெய் நிறுவனத்தின் துணை நிறுவனம் ஒன்று பங்குதாரராக இருக்கும் மணலி சுத்திகரிப்பு ஆலையும் ஈரானிய எண்ணெயை விட்டு வேறிடம் தேட வேண்டியதாயிற்று.

நிபந்தனையற்ற உச்சி மாநாட்டுக்கு வடகொரியா இன்னொரு சான்று. 2018 ஜூன் 12 அன்று சிங்கப்பூரில் டிரம்ப்பும் கிம் ஜோங் உன்னும் கையெழுத்திட்ட அறிக்கையில் நான்கு பொதுவான உறுதிகள் இருந்தன. செயல்திட்டம் எதுவும் இல்லை. 2019 பிப்ரவரி இறுதியில் ஹனோயில், யோங்பியோன் அணு வளாகத்தை மூடுவதற்கு ஈடாக முக்கியத் தடைகளை விலக்குமாறு கிம் கேட்டார். அதற்கு மேலும் வேண்டும் என்றார் டிரம்ப். இரண்டாம் நாள் பேச்சு முறிந்தது. இடைநிலைப் படிகளை அதிகாரிகள் முன்கூட்டிப் பேசித் தயாராக வைத்திராததால், தலைவர்களுக்கு முன் எல்லாம் அல்லது எதுவுமில்லை என்ற தேர்வு மட்டுமே இருந்தது.

ஈடுகொடுத்து நிறுத்தி வைத்தல்

மூன்றாவது வழி ஜெனீவாவில் முடிந்தாலும், தொடங்கியது ஓமனில். சுல்தான் காபூஸின் உதவியோடு 2012 ஜூலையில் அமெரிக்க அதிகாரி ஜேக் சல்லிவன் அந்நாட்டுத் தலைநகர் மஸ்கட் சென்றார். 2013 மார்ச்சில் பர்ன்ஸ் தலைமையில் அமெரிக்க அதிகாரிகள் ஈரானியரை நேரடியாக, இரகசியமாகச் சந்தித்தார்கள். அகமதிநெஜாத் அதிபராக இருந்த காலம் அது என்பதைக் கவனிக்க வேண்டும். ரூஹானி அதிபராக வந்ததால்தான் எல்லாம் நடந்தது என்பது பாதி உண்மையே. அந்தச் சந்திப்பில் அமெரிக்கா ஒன்றைத் தெரியப்படுத்தியது: கடுமையான வரம்புகளும் கண்காணிப்பும் இருந்தால், ஈரான் மண்ணில் சிறிய அளவிலான செறிவூட்டலைக் குறித்துப் பேசத் தயார். முன்நிபந்தனை அங்கேயே கைவிடப்பட்டது. வெளிப்படையாக அறிவித்திருந்தால் உள்நாட்டில் பெரும் எதிர்ப்பை எழுப்பியிருக்கக்கூடிய அந்த நகர்வு, இரகசியமாக இருந்ததால் விலை போகாமல் பேரத்தில் பயன்பட்டது.

ஜூனில் அதிபர் தேர்தலில் ரூஹானி வென்றார். செப்டம்பர் 27 அன்று ஒபாமாவோடு தொலைபேசியில் பேசினார். நவம்பர் தொடக்கத்தில் ஜெனீவாவில் அமைச்சர்கள் கூடியபோது, அமெரிக்கரும் ஈரானியரும் முன்பே பேசி வைத்திருந்த வாசகத்தைப் பார்த்து, அராக் உலை குறித்த பகுதி போதாது என்று பிரெஞ்சு அமைச்சர் லோரான் ஃபபியூஸ் எதிர்த்தார். பேச்சு முறிந்துவிட்டது என்று பலர் எண்ணினார்கள். நட்பு நாடுகளுக்குச் சொல்லாமல் தனிவழியில் பேசுவதற்குக் கொடுக்க வேண்டிய விலை இது. இரு வாரங்களில் வாசகம் இறுகி, நவம்பர் 24 அதிகாலையில் இடைக்கால உடன்பாடு கையெழுத்தானது.

அதன் அமைப்பைச் சற்று அருகில் சென்று பார்ப்பது பயன்தரும். ஈரான் 20 சதவீதச் செறிவூட்டலை நிறுத்தி, கையிருப்பில் பாதியை நீர்க்கச் செய்து, மீதியை ஆக்சைடாக மாற்றும். 5 சதவீதத்துக்கு உட்பட்ட செறிவூட்டல் தொடரலாம். ஆனால் புதிய மையவிலக்குகள் சேர்க்கக்கூடாது. அராக் உலையில் எரிபொருள் இடக்கூடாது. நத்தான்ஸுக்கும் ஃபோர்டோவுக்கும் முகமையின் ஆய்வாளர்கள் நாள்தோறும் செல்லலாம். பதிலுக்கு, வெளிநாடுகளில் முடங்கிக் கிடந்த எண்ணெய்ப் பணத்தில் 420 கோடி டாலர் ஒரே மொத்தமாக அல்லாமல் தவணைகளில் விடுவிக்கப்படும். பெட்ரோகெமிக்கல், தங்கம், வாகனத் துறை, விமான உதிரி பாகங்கள் மீதான தடைகள் தளரும். எண்ணெய், வங்கி ஆகிய பெரிய தடைகள் அப்படியே நிற்கும். செறிவூட்டும் உரிமை உண்டு என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. பரஸ்பரம் வரையறுக்கப்படும் செறிவூட்டல் திட்டம் ஒன்று இறுதி ஒப்பந்தத்தில் இருக்கும் என்று எழுதினார்கள். பத்தாண்டுகளாக முட்டிக்கொண்டிருந்த இடத்தை இந்த ஒரு சொற்றொடர் கடக்க வைத்தது.

இந்த ஏற்பாட்டின் பலம், எவரும் மீள முடியாத எதையும் முதலில் கொடுக்கவில்லை என்பதில் இருக்கிறது. ஈரான் மீண்டும் தொடங்கலாம். மேற்கு நாடுகள் தவணையை நிறுத்தலாம். ஆனால் இருவருக்கும் மாதந்தோறும் கிடைப்பது ஒன்று இருந்தது. ஆறு மாதம் என்று 2014 ஜனவரி 20 அன்று தொடங்கி, நீட்டிப்புகளோடு 2015 ஜூலை 14 வியன்னா ஒப்பந்தம் வரை அது உடையாமல் நின்றது. அந்த ஒப்பந்தத்தில் செறிவு 3.67 சதவீதம், கையிருப்பு 300 கிலோ, செறிவூட்டும் மையவிலக்குகள் 5,060 என்று வரம்புகள் குறிக்கப்பட்டன; டிசம்பர் இறுதியில் 11 டன்னுக்கும் மேற்பட்ட யுரேனியம் கப்பலில் ரஷ்யா சென்றது. 2005 இல் ஈரான் கேட்ட 3,000 ஐவிட இந்த 5,060 அதிகம் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். முழு நிறுத்தத்துக்காகக் காத்திருந்ததன் விலை அந்த இடைவெளியில் தெரிகிறது.

இதன் பலவீனங்களும் உண்மையானவை. ஈரானின் ஏவுகணைகளும் அண்டை நாடுகளில் அது நடத்திய ஆயுதக் குழுக்களும் பேச்சுக்கு வெளியே நின்றன. இஸ்ரேலும் சவுதி அரேபியாவும் எழுப்பிய கவலை புறந்தள்ளத் தக்கதன்று. வரம்புகளில் பல 10, 15 ஆண்டுகளில் காலாவதியாகும்படி இருந்தன. அமெரிக்க செனட்டின் ஒப்புதல் பெற்ற உடன்படிக்கையாக இல்லாததால், அடுத்து வந்த அதிபர் அதை ஒரே கையெழுத்தில் கைவிட முடிந்தது. அதன்பின் 2021 ஏப்ரலில் வியன்னாவில் பேச்சு மறுபடி தொடங்கியபோது, அமெரிக்கர்களோடு ஒரே அறையில் அமர ஈரான் மறுத்ததால், ஐரோப்பிய ஒன்றியத்தின் என்ரிகே மோரா விடுதிக்கும் விடுதிக்கும் இடையே செய்தி சுமந்து நடந்தார். இனி விலக மாட்டோம் என்ற உத்தரவாதத்தை ஈரான் நிபந்தனையாகக் கேட்டது. எந்த அமெரிக்க அதிபராலும் தரமுடியாதது அது. அந்த மாதமே 60 சதவீதச் செறிவூட்டல் தொடங்கியது.

வடகொரியாவில் இதே அளவுகோல்

1994 ஜூனில் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் பியோங்யாங் சென்று கிம் இல் சுங்கைச் சந்தித்ததைத் தொடர்ந்து, அக்டோபரில் கையெழுத்தான சட்டக உடன்பாடும் ஈடுகொடுத்து நிறுத்தி வைக்கும் வகையைச் சேர்ந்ததே. யோங்பியோன் உலை மூடப்படும். பதிலுக்கு இரு இலகு நீர் உலைகளும், அவை முடியும்வரை ஆண்டுக்கு 5 லட்சம் டன் கன எண்ணெயும். எட்டு ஆண்டுகள் அங்கே புளூட்டோனியம் பிரிக்கப்படவில்லை. 2002 இல் இரகசியச் செறிவூட்டல் குறித்த குற்றச்சாட்டு எழுந்ததும், எண்ணெய் நிறுத்தப்பட்டது, ஆய்வாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள், 2003 ஜனவரியில் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து வடகொரியா விலகுவதாக அறிவித்தது. முதலில் முழுமையாகக் கலைத்துவிடு என்று வாஷிங்டன் வலியுறுத்திய ஆண்டுகளின் முடிவில், 2006 அக்டோபர் 9 அன்று முதல் வெடிப்புச் சோதனை நடந்தது. வடகொரியா ஏமாற்றியது உண்மை. ஆனால் ஏமாற்றுவதற்கு எதிரான தீர்வாக நிறுத்தத்தையே தூக்கி எறிந்தது, கண்காணிப்பில் இருந்த உலையையும் இழக்க வைத்தது.

நிபந்தனை எதிர்ப்பக்கத்திலிருந்தும் வரும் என்பதற்கு சீனாவின் மக்காவ் பகுதியிலுள்ள பான்கோ டெல்டா ஆசியா வங்கியின் கதை உண்டு. அங்கே முடக்கப்பட்ட சுமார் 2.5 கோடி டாலரைத் திருப்பித் தந்தால்தான் 2007 பிப்ரவரி உடன்பாட்டை நிறைவேற்றுவோம் என்று வடகொரியா நின்றது. தொகை சிறியது, ஆனால் எந்த வங்கியும் அந்தப் பணத்தைத் தொட அஞ்சியதால், நியூயார்க் மத்திய வங்கி வழியாகவும் ரஷ்ய வங்கி வழியாகவும் அது போய்ச் சேர ஜூன் ஆகிவிட்டது. சேர்ந்த பிறகு உலை மூடப்பட்டது. எண்ணத்தக்க, கொடுத்து முடிக்கத்தக்க நிபந்தனை தாமதத்தைத் தரும், ஆனால் தீரும். உரிமையையும் கௌரவத்தையும் கேட்கும் நிபந்தனை தீர்வதில்லை.

எதைத் தேர்வது

ஒரு நிபந்தனையை முன்வைக்கும் முன் ஓர் அரசு தன்னைத்தானே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வது நல்லது என்று மேற்சொன்னவற்றிலிருந்து கருதுகிறேன். கேட்பது நடந்ததா இல்லையா என்று ஆய்வாளர் ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா? பேச்சு முறிந்தால் எதிர்த்தரப்பு பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? அதற்கு ஈடாகத் தருவது, அதைச் செய்யும் தலைவர் தன் உள்நாட்டு எதிரிகளிடம் காட்டக்கூடியதாக இருக்கிறதா? 2003 இன் நிறுத்தம் முதல் இரண்டையும் நிறைவு செய்தது, மூன்றாவதில் தவறியது. 2006 இன் நிபந்தனை மூன்றாவதில் மேலும் மோசமாகத் தவறியது. 2009 இன் பேச்சு எதையும் கேட்காததால் எதையும் பிடித்து வைக்கவில்லை. 2013 இன் உடன்பாடு மூன்றையும் நிறைவு செய்தது. அதன் பிந்தைய வீழ்ச்சி, பேச்சைத் தொடங்கிய முறையில் அன்றி, முடித்த முறையில் இருந்த குறையால் வந்தது.

2025 இல் இந்தக் கேள்விகள் மீண்டும் தேவைப்பட்டன. ஏப்ரல் 12 அன்று மஸ்கட்டில் டிரம்ப்பின் சிறப்புத் தூதர் ஸ்டீவ் விட்காஃபும் ஈரானின் வெளியுறவு அமைச்சர் அப்பாஸ் அராக்சியும் ஓமன் வழியாகப் பேசத் தொடங்கி, ஐந்து சுற்றுகள் நடந்தன. செறிவூட்டல் பூஜ்யமாக வேண்டும் என்ற பழைய கோரிக்கை இடையிலேயே திரும்பி வந்தது. ஆறாம் சுற்றுக்கு இரு நாட்கள் முன்பு, ஜூன் 13 அன்று, இஸ்ரேல் தாக்கியது. 22 அன்று அமெரிக்கா நத்தான்ஸ், ஃபோர்டோ, இஸ்ஃபஹான் ஆகியவற்றைக் குண்டுவீசித் தாக்கியது. ஆலைகளுக்குப் பெருஞ்சேதம் விளைந்தது. ஆனால் தாக்குதலுக்கு முன் முகமை கணக்கிட்டிருந்த 440.9 கிலோ 60 சதவீத யுரேனியத்தை அதன் ஆய்வாளர்களால் சரிபார்க்க முடியாமல் போயிற்று. ஜூலையில் முகமையோடு ஒத்துழைப்பை நிறுத்தும் சட்டத்தை ஈரான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

ஆகஸ்ட் 28 அன்று ஐரோப்பாவின் மூன்று நாடுகளும் 2015 ஒப்பந்தத்தால் விலக்கப்பட்ட ஐ.நா. தடைகளை மீண்டும் கொண்டுவரும் நடைமுறையைத் தொடங்கியபோது, ஒத்திவைக்கத் தயார் என்று சொல்லி மூன்று நிபந்தனைகள் வைத்தன: ஆய்வாளர்களுக்கு அனுமதி, உயர்செறிவு இருப்புக்குக் கணக்கு, அமெரிக்காவோடு மீண்டும் பேச்சு. முதல் இரண்டும் சரிபார்க்கத் தக்கவை. முதலாவது வேண்டும்போது திரும்பப் பெறத் தக்கதும்கூட. மூன்றாவது, பேச்சின் நடுவே குண்டு விழுந்த பத்து வாரங்களுக்குள், எந்த ஈரானியத் தலைவரும் உள்நாட்டில் காட்ட முடியாத ஒன்று. அது ஈரானின் கையில் மட்டும் இருந்ததும் அன்று. செப்டம்பர் 9 அன்று கெய்ரோவில் அராக்சியும் முகமையின் தலைவர் ரஃபேல் குரோஸியும் ஆய்வுகளைத் தொடர்வதற்கான நடைமுறை ஒன்றுக்கு ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒரு படியைத் தனியே எடுத்து, ஆய்வாளர்கள் உண்மையில் உள்ளே செல்லும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் தடை மீட்பை ஒத்திவைத்திருந்தால், இருப்பின் கணக்கு முகமையின் கைக்கு வர வழி இருந்தது. மூன்றையும் ஒன்றாகக் கட்டியதால் செப்டம்பர் 28 அன்று தடைகள் திரும்பின. கெய்ரோ உடன்பாடு செல்லாது என்று தெஹ்ரான் அறிவித்தது.